புகைபோக்கியின் கழுத்து

எபெர்,
உன் வீட்டை முடித்துவிட்டேன்.
குளியலறைக்கு நீ கேட்ட பச்சை ஓடு கிடைக்கவில்லை,
வெள்ளைதான். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

கொங்கோவுக்கு நீ போனது
உலக அமைதிக்காக என்று
முகாமில் கர்னல் பேசினார்.
நீ போனது கூரைக்காக.
தக்வரெம்போவில் இது எல்லோருக்கும் தெரியும்:
ஒரு தவணை போய்வந்தால் சுவர்,
இரண்டு தவணைக்குக் கூரை.
மூன்றாவதும் போகிறவன்
பேராசைக்காரன், இல்லையென்றால்
மகளுக்குத் தனி அறை கேட்பவன்.
"தனி அறை" என்றாய், பேருந்தில் ஏறும்போது.
பிறகு படியிலிருந்து திரும்பிக் கத்தினாய்:
"முற்றத்தில் இறைச்சி சுடும் அடுப்பு!"

அங்கே ஐந்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது.
செவ்வாய்க்கிழமை, அங்கே பிற்பகல் ஒரு மணி,
சாலை வளைவில் உங்கள் வண்டி.
இங்கே காலை எட்டு.
உன் வாசற்படிக்கு சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தேன்.
ஜனெத் மாத்தே கொண்டுவந்தாள்.
"சூடு போதவில்லை" என்றேன்.
அதைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கிறேன்.
நீ இல்லாமல் போன உலகத்தில்
நான் சொன்ன முதல் சொல்
வெந்நீரைப் பற்றியது.

பதக்கம் நான்கு மாதம் கழித்து வந்தது.
உன் பெயரின் முதல் எழுத்து,
எழுதுவோம், உச்சரிக்கமாட்டோமே,
அந்த ஊமை எழுத்து
விட்டுப்போயிருந்தது.
வாசித்தால் வித்தியாசம் தெரியாது.
ஜனெத் அந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள்,
பெட்டியை மூடினாள்.
உன் நீலத் தலைக்கவசம்போல் ஒன்று வேண்டும்,
சைக்கிள் ஓட்ட, என்றாள் லுஹான்.
யாரும் பதில் சொல்லவில்லை.

அடுப்பின் படத்தை நீ
உணவுப்பெட்டி அட்டையின் பின்பக்கம் வரைந்து அனுப்பினாய்.
கரி பென்சில், கோணல் கோடுகள்,
புகைபோக்கியின் கழுத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர்.
பதினைந்து!
திங்கட்கிழமை இரவு எழுதினேன்:
"முட்டாளே, இருபத்தைந்து வை.
புகை முழுக்க முற்றத்துக்குத்தான் வரும்."
அந்தச் செய்தியின் பக்கத்தில்
இன்றைக்கும் ஒற்றைக் குறிதான்.

பதினைந்திலேயே கட்டினேன்.
இருபத்திரண்டு வருடக் கொத்தனார் நான்,
தப்பு என்று தெரிந்தே
ஒவ்வொரு செங்கல்லையும் வைத்தேன்.
செத்தவனோடு எப்படி வாதாடுவது?

ஆண்டு நினைவுக்கு எல்லோரும் வந்தார்கள்.
ஜூலைக் குளிர். கொரொனிஜா விறகு.
சார்ஜெண்ட் லெதெஸ்மா
உன்னோடு அந்த வண்டியில் இருந்தவர்,
இடது கையால்தான் இப்போது கத்தி பிடிக்கிறார்.
தீ பிடித்ததும் புகை மேலே போகவில்லை.
திரும்பி வந்து எங்கள் முகத்தில் உட்கார்ந்தது.
எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள்.
"புகை" என்றார் சார்ஜெண்ட்.
"ஆமாம், புகை" என்றோம்.
வருடம் முழுக்க அழாதவர்களுக்கு
அது வசதியாகத்தான் இருந்தது.

ஜனெத் மட்டும் இருமிக்கொண்டே வந்தாள்.
"யார் போட்ட அளவு இது?"
"எபெருடையது."
"அவன் இருந்திருந்தால்?"
"சண்டை போட்டிருப்பேன்."
"அப்படியானால் போடு.
பரிதாபப்பட்டு என் வீட்டைப் புகையால் நிரப்பாதே."

மறுநாள் உளியோடு வந்தேன்.
ஓர் அடிக்கு ஒரு வசவு.
கழுதை என்றேன். பள்ளிக்கூடத்திலேயே
உனக்குக் கணக்கு வராது என்றேன்.
உன் அம்மாவை மட்டும் இழுக்கவில்லை,
அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.
மூன்றாவது வரிசை பெயர்ந்தபோது
என் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.
சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து
எல்லாவற்றையும் கேட்டிருந்த லுஹான்
"அப்பா என்ன சொல்கிறார்?" என்றாள்.

"ஒத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

நீ எப்போது ஒத்துக்கொண்டிருக்கிறாய், எபெர்?
இப்போது இருபத்தைந்து.
புகை நேராகப் போகிறது.
வடக்குக் காற்று அடித்தால் மட்டும்
கொஞ்சம் திரும்பி வருகிறது.
அதற்கு நான் பொறுப்பில்லை.